ஓட்டுநரின் கவனக்குறைவு

கம்பெனி ஆபீசர் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த தாளில் மொத்தம் ஏழே வரிகள்தான் இருந்தன. மூன்றாவது வரியைப் படித்ததும் சுலோச்சனா, கழற்றி வைத்திருந்த பேனா மூடியை எடுத்து மறுபடி மாட்டினாள்.

உத்திரமேரூர் டிராக்டர் ஏஜென்ட்டின் ரைஸ் மில் களத்தில் ஆறு பேருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆறு பேரும் முந்தின வருஷம் ஒரே ஏஜென்ட்டிடம் ஒரே மாதிரி டிராக்டர் வாங்கியவர்கள். மறு வருஷமான எண்பத்து மூன்றில் சித்திரையில் ஆரம்பித்து ஆடிக்குள் ஆறு டிராக்டரும் ஒன்றன்பின் ஒன்றாக நடுக்கழனியில் நின்றுபோயின. எல்லாவற்றுக்கும் ஒரே நோய். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மாடு கட்டி இழுத்துத்தான் கரையேற்ற வேண்டும். மனு மேல் மனு போட்டு, காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நடந்த பிறகு, கம்பெனி இறங்கி வந்திருந்தது. ஆறு பேருக்கும் புது எஞ்சின், காசில்லாமல். மாட்டிக் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு ஆறு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

மானாம்பதி பஞ்சாட்சரம்தான் முதலில் போட்டார். மனு எழுதின நாளிலிருந்து எல்லாருக்கும் முன்னால் நின்றவர் அவர். அதனால் அவர் போட்டதும் மற்றவர்களும் மளமளவென்று போட்டார்கள். அவர்களில் படித்துப் பார்த்தவர் யாருமில்லை. காவாந்தண்டலம் சுலோச்சனாவின் பேர் கடைசியில் இருந்தது.

மூன்றாவது வரி இதுதான்: ஓட்டுநர்களின் கவனக்குறைவால், ஆயில் இல்லாமல் ஓட்டப்பட்டதாலேயே மேற்படி எஞ்சின்கள் பழுதடைந்தன என்பதை உரிமையாளர்களாகிய நாங்கள் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறோம்.

அந்த வரியை எடுத்துவிட்டுக் கொடுத்தால் போடுவதாக அவள் சொன்னாள். ஆபீசர் நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். சிரித்துக்கொண்டே, அது சும்மா ஒரு வழக்கத்துக்காக எழுதுவது, அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்றார்.

"சும்மா எழுதினதுன்னா எடுத்துடலாமே சார்," என்றாள் சுலோச்சனா.

ஆபீசரின் சிரிப்பு நின்றது. மேலிடத்தில் முடிவு செய்த வாசகம், ஒரு எழுத்தைக்கூடத் தன்னால் மாற்ற முடியாது, ஆறு பேரில் ஒருவர் போடாவிட்டாலும் ஏற்பாடு செல்லாது என்று சொல்லிவிட்டு, யோசிக்க இரண்டு வாரம் கொடுத்து ஜீப்பில் ஏறிப் போனார். களத்தில் மற்ற ஐந்து பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நிலம் சுலோச்சனாவின் அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்தது. அதனால் பேங்க் கடனும் வண்டியும் அவள் பேரிலேயே இருந்தன. அவள் புருஷன் வரதன் மதுராந்தகத்தில் மின்வாரிய வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து திங்கள் விடியற்காலையில் போய்விடுவான். அதுவரை எந்தத் தாளானாலும் வரதன் விரல் வைத்த இடத்தில் அவள் கையெழுத்துப் போடுவாள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள்தான். ஆனாலும் எதையும் படித்துப் பார்த்துப் போட வேண்டும் என்று அன்றைக்கு முன் அவளுக்குத் தோன்றியதில்லை. அன்றைக்கு வரதனுக்கு லீவு கிடைக்கவில்லை. விரல் வைக்க ஆள் இல்லாததால் அவள் படித்தாள்.

படித்தவளுக்கு மாசியின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

மாசி ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இருளர் குடிசைகளில் ஒன்றைச் சேர்ந்தவன். செங்கல் சூளையில் மண் வண்டி ஓட்டிக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் எடுத்துவைத்திருந்தான். அந்தக் குடிசைகளில் ஸ்டீரிங் பிடித்த முதல் ஆள் அவன்தான். சுலோச்சனாவின் டிராக்டர் வந்த நாள் முதல் அவன்தான் ஓட்டினான். வண்டியைத் துடைத்துத் துடைத்தே பெயின்ட்டைத் தேய்த்துவிடுவான் என்று வரதன் கேலி பேசுவான்.

சித்திரையில் சொர்ணவாரிப் பட்டத்துக்குச் சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருந்தபோது வண்டி நின்றது. பக்கத்துக் கழனியில் பதினைந்து பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். மாசி இறங்கி, ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்து, ஆயில் சரியாக இருக்கிறது, உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று சொன்னான். மறுநாள் ஏஜென்ட் அனுப்பின கம்பெனி மெக்கானிக் வந்தான். வண்டியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. கையால் தட்டிப் பார்த்துவிட்டு, ஆயில் இல்லாமல் ஓட்டியிருக்கிறான், ஆயிலை வழித்து விற்றிருப்பான், இந்த மாதிரி ஆட்களிடம் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்றான்.

சுலோச்சனா அதை நம்பினாள். நம்பினதோடு விடவில்லை. நடவுப் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்க, வரப்பில் நின்று மாசியைத் திருடன் என்றாள். அவன் ஒரே ஒரு தடவை பதில் சொன்னான்.

"ஆயில் பூரா உள்ளதாங்கீதும்மா. தொறந்து பாத்துட்டு அப்பால பேசுங்க."

திறந்து பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அவன் ஏரிக்கரைப் பக்கம் நடந்தான். அதற்குப் பிறகு சுற்றுவட்டத்தில் யாரும் அவன் கையில் வண்டி கொடுக்கவில்லை.

ஆனி மாதம்தான் அவள் உத்திரமேரூர் பட்டறைக்காரர் சின்னராசுவை அழைத்துவந்து எஞ்சினைப் பிரித்தாள். கீழ் மூடியைக் கழற்றியபோது கருகருவென்று ஆயில் கொட்டிற்று. குறையவே இல்லை. அடிமட்டத்திலிருந்து ஆயிலை மேலே ஏற்றுகிற பம்ப்பில் ஒரு சின்னப் பல்சக்கரம் உண்டு. அதன் பற்கள் சோளப்பொரி மாதிரி உதிர்ந்து கிடந்தன. சின்னராசு அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இது இரும்பே இல்லை, வெறும் பித்தலாட்டம் என்றார். கிணறு நிறைய தண்ணீர் இருந்தும் இறைக்க ஏற்றம் இல்லாத கழனி மாதிரிதான், கீழே ஆயில் நிறைய இருந்தும் மேலே எஞ்சின் காய்ந்து செத்திருக்கிறது.

அன்றைக்கே அவள் மாசியிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாளைக்குப் போகலாம், நடவு முடியட்டும், ஆடி போகட்டும் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் அதைப் பற்றி நினைக்காமலே இருக்கப் பழகிக்கொண்டாள். இப்போது அந்தத் தாள் வந்து நினைக்க வைத்துவிட்டது. வாயால் சொன்ன பொய்யைக் கையெழுத்தாலும் சொல் என்று கேட்டது.

மூன்றாம் நாள் காலையில் பஞ்சாட்சரம் புல்லட்டில் வந்தார். மோர் கொடுத்ததை வாங்கி அப்படியே கீழே வைத்தார். ஐந்து பேருடைய சோற்றில் அவள் மண் போடுவதாகச் சொன்னார். சம்பா உழவு தலைக்குமேல் வந்துவிட்டது, பேங்க்காரன் வாசலில் நிற்கிறான், இந்த நேரத்தில் ஒரு வரிக்காகப் பிடிவாதம் பிடிப்பது குடித்தனக்காரிக்கு அழகா என்று கேட்டார். அவருக்கும் தெரியும், அவருடைய டிரைவர் நல்லவன்தான், வண்டியில்தான் கோளாறு. தெரிந்துதான் போட்டார்.

"இந்தாமா, அவனுங்க இன்னா படிக்கவா போறானுங்க? தாளு மெட்ராஸ்ல ஒரு பீரோல தூங்கப் போவுது. நமக்கு வண்டி ஓடணும். அவ்ளோதான்."

"அவனுங்க படிக்கமாட்டானுங்க அண்ணா. நான் படிச்சிட்டேனே," என்றாள் சுலோச்சனா.

அவர் எழுந்து போனார். சாயங்காலத்துக்குள் அது நான்கு ஊருக்கும் பரவிவிட்டது. ஆறு பேரில் ஒருவரான புள்ளலூர் கிருஷ்ணசாமி சந்தையில் அவள் காதுபடவே, பொம்பளை பேரில் வண்டி எழுதினால் இதுதான் கதி என்றார். கடைக்காரர் கேட்டார், பூசாரி கேட்டார். சனிக்கிழமை வந்த வரதன் சாப்பிட உட்காருவதற்கு முன்பே கேட்டான்.

அவன் கோபக்காரன் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பொறுமையாக, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். ஊரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். மாசிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால் தனியாகக் கூப்பிட்டு வேட்டி துணி எடுத்துக் கொடுக்கலாம். தப்பு எல்லாரும்தான் செய்கிறோம். எல்லாவற்றுக்கும் தாளில் எழுதியா திருத்த முடியும்? அவள் குழம்பு ஊற்றினாள். கடைசியில் அவன், ஆபீசர் வருகிற அன்றைக்கு லீவு போட்டுக் கூடவே வருவதாகவும், எங்கே போட வேண்டும் என்று தானே காட்டுவதாகவும் சொன்னான்.

"எங்க போடணும்னு எனக்குத் தெரியுது. போடறதா வேணாமான்னுதான் பேச்சு," என்றாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அந்தக் குரலை அவன் கேட்டதில்லை. மறு சோறு கேட்காமல் எழுந்து கை கழுவினான்.

ஞாயிறு காலையில் அவள் ஏரிக்கரை தாண்டி நடந்தாள். குடிசைகளுக்குப் பக்கத்தில் சவுக்குக் கட்டைகள் அடுக்கிக் கிடந்தன. மாசி இப்போது சவுக்குத் தோப்பில் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் பெண்சாதி அங்கம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தவள், சுலோச்சனாவைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. முறத்தைத் தட்டுவதையும் நிறுத்தவில்லை. மாசி உள்ளேயிருந்து வந்து நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததைச் சுலோச்சனா முன்பின்னாக ஆரம்பித்தாள். எஞ்சினைத் திறந்து பார்த்ததையும், ஆயில் முழுக்க இருந்ததையும், சொன்னது தப்பு என்பதையும் எப்படியோ சொல்லி முடித்தாள். மாசி கேட்டுக்கொண்டான். எப்போது திறந்தீர்கள் என்று மட்டும் கேட்டான்.

ஆனியில் என்றாள்.

ஆனி, ஆடி, ஆவணி என்று அங்கம்மாள் முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்த மூன்று மாதத்தில் அவர்கள் இரண்டாவது பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதையும், அவள் கழுத்தில் கிடந்த ஒரு குண்டு மணித் தங்கமும் அடகுக்குப் போனதையும் பிற்பாடுதான் சுலோச்சனா வேறு வாயால் கேள்விப்பட்டாள்.

பிறகு அவள் தாளைப் பற்றிச் சொன்னாள். தான் கையெழுத்துப் போடவில்லை என்றும் சொன்னாள். மாசி உடனே நன்றி சொல்வான் என்று ஏனோ எதிர்பார்த்திருந்தாள். அவன் முகம் இறுகினது.

"கம்பேனிக்காரன் சொன்னது இருக்கட்டும்மா. அவன் யாரு, நான் யாரு. நீங்க கழனில நின்னுகினு சொன்னீங்க. பவளம் கேட்டா, அவ மருமவ கேட்டா, பதினஞ்சு பேரு கேட்டாங்க. இப்ப எங்க வூட்டாண்ட வந்து குசுகுசுன்னு சொன்னா அத்த யாரு கேப்பாங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. வந்ததே பெரிசு என்று நினைத்திருந்தாள். திரும்பி நடக்கும்போது கோபமாகக்கூட வந்தது. கரை இறங்கி வாய்க்கால் வரைக்கும் கோபத்தோடு நடந்தாள். அதற்குமேல் கோபம் அவளோடு வரவில்லை. அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே.

புதன்கிழமை மாட்டு ஏரில் உழுத கழனியில் சம்பா நடவு. பவளம்தான் நடவுக்காரிகளுக்குத் தலைவி. பெண்கள் இறங்குவதற்குமுன் சுலோச்சனா சித்திரையில் நின்ற அதே வரப்பில் வந்து நின்றாள். மாசிக்கு முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் வாய்க்கால் மேட்டில் தனியாக நின்றான்.

நாலு பேர் கூடின இடத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். சித்திரையில் இதே இடத்தில் மாசியைத் திருடன் என்று சொன்னது பொய் என்றாள். அவன் ஒரு சொட்டு ஆயிலைக்கூட எடுக்கவில்லை, வண்டியிலேதான் கோளாறு, அது தெரிந்தும் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது அதைவிடத் தப்பு என்றாள். நீங்கள் எல்லாரும் அன்றைக்குக் கேட்டவர்கள், அதனால் இன்றைக்கும் கேளுங்கள், போகிற இடத்தில் சொல்லுங்கள் என்றாள்.

பவளம் வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு, அது அன்றைக்கே எங்களுக்குத் தெரியும், அவன் கையை மோந்து பார்த்திருந்தாலே ஆயில் விற்கிற கையா துடைக்கிற கையா என்று தெரிந்திருக்கும் என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். சுலோச்சனாவுக்குக் கன்னம் எரிந்தது. ஆனால் அந்த எரிச்சல் ஒரு வகையில் நன்றாகவும் இருந்தது.

மாசி வாய்க்காலைத் தாண்டி வந்தான். எப்போது மறுபடி ஆபீசர் வருகிறார் என்று கேட்டான். வெள்ளிக்கிழமை என்றாள். மானாம்பதி பஞ்சாட்சரத்தின் வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டான். அது ரைஸ் மில் களத்திலேயே நிற்கிறது, யாரும் திறக்கக் கூடாது என்று கம்பெனி ஆள் ஆடியிலேயே ஈய சீல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றாள்.

"நானும் வரேன்," என்றான் மாசி.

வெள்ளிக்கிழமை களத்தில் கூட்டம் கூடிவிட்டது. வண்டிச் சொந்தக்காரர்கள் ஆறு பேர், ஏஜென்ட், வேடிக்கை பார்க்க மில் ஆட்கள். வரதனும் லீவு போட்டு வந்திருந்தான். சுலோச்சனாவுக்குப் பின்னால் மாசி வருவதைப் பார்த்ததும் ஏஜென்ட் அவனை வெளியே நிற்கச் சொன்னார். இது முதலாளிகள் பேசுகிற இடம் என்றார். எங்கள் டிரைவர் தப்பு செய்தான் என்று எழுதியிருக்கும்போது டிரைவர் இல்லாமல் எப்படி என்று சுலோச்சனா கேட்டாள். ஆபீசர் சரி இருக்கட்டும் என்று கை காட்டினார். அவருக்குச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அவர் தாளை நீட்டினார். அவள் வாங்கவில்லை. மாசியைப் பார்த்தாள்.

மாசி கையைக் கட்டிக்கொள்ளவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. பஞ்சாட்சரத்தின் வண்டியைக் காட்டி, அதில் இருப்பது கம்பெனியின் சீல்தானா என்று கேட்டான். ஆமாம் என்றார் ஆபீசர். சீல் வைத்தபிறகு யாராவது தொட்டிருக்கிறார்களா என்று கேட்டான். சீல் அப்படியே இருக்கிறதே, எப்படித் தொடமுடியும் என்றார்.

"அப்டீன்னா உங்க கையாலயே சீல அறுத்துட்டு கீழ நட்டக் கயட்டுங்க சார். ஆயில் இல்லாம ஓட்டினவன் வண்டில ஆயில் வரக் கூடாது."

ஆபீசர் தயங்கினார். அது தேவையில்லாத வேலை என்றார். வயசான கிருஷ்ணசாமி அதுவரை பொம்பளை பேரில் வண்டி எழுதியதைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தவர். அவர்தான் முதலில், திறந்துதான் பாருங்களேன், எங்களுக்கும் தெரியட்டும் என்றார். அதற்குப் பிறகு மறுத்தால் அசிங்கம். ஆபீசரே சீலை அறுத்தார். மில்லிலிருந்து ஒரு தகர டப்பா கொண்டுவந்து அடியில் வைத்தார்கள். மாசி வண்டிக்கடியில் படுத்து நட்டைத் திருகினான்.

முதலில் நூல் மாதிரி வந்தது. அப்புறம் கை தடிமனுக்கு, கருப்பாக, சத்தமில்லாமல் ஊற்றியது. டப்பா நிறைந்து வழிந்தது. இன்னொரு டப்பா கொண்டுவரச் சொல்லி யாரோ ஓடினார்கள். மாசி ஒரு கை ஆயிலை அள்ளி வெயிலில் காட்டினான். அதில் பொடிப்பொடியாக என்னவோ மின்னிற்று. பல்சக்கரம் அரைத்துக் கரைந்த தூள்.

ஆபீசர் விடவில்லை. ஆயில் இருந்திருக்கலாம், ஆனால் பம்ப் வேலை செய்யாவிட்டால் டிரைவருக்கு முன்னால் இருக்கிற ஆயில் மீட்டரின் முள் பச்சையிலிருந்து இறங்கியிருக்கும், அதைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்க வேண்டியது ஓட்டுகிறவன் பொறுப்பு, அதுவும் கவனக்குறைவுதானே என்றார். கூட்டத்தில் இரண்டொருவர் தலையாட்டினார்கள்.

மாசி துண்டில் கையைத் துடைத்தான்.

"வண்டி நின்னு ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது சார். இப்ப எஞ்சின் ஓடல. ஆயிலயும் எறக்கியாச்சு. அந்த மீட்டர் முள்ளு இப்ப எங்க கீதுன்னு பாருங்க."

பஞ்சாட்சரம்தான் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வண்டியின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி மேலிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். நிமிர்வதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"பச்சைலதாங்கீது," என்றார்.

செத்த வண்டியில் நாடி நன்றாக அடிக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தது மீட்டர். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறிப் பார்த்தார்கள். கிருஷ்ணசாமி பார்த்துவிட்டு இறங்கும்போது, தன் டிரைவரை விளக்குமாற்றால் அடித்ததைச் சொல்லித் தலையில் கைவைத்துக்கொண்டார். அவன் அவருக்கு அக்கா மகன்.

பஞ்சாட்சரம் இறங்கி வந்து மேஜைமேல் இருந்த தாளை எடுத்தார். முதல் கையெழுத்து அவருடையது. அதன்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, பேனாவைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். ஆபீசர் வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள் நாலு கோடு விழுந்துவிட்டது. ஏற்பாடே போய்விடும், அப்புறம் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது என்று ஆபீசர் எச்சரித்தார். போகட்டும் என்றார் பஞ்சாட்சரம். அன்றைக்குச் சுலோச்சனா வீட்டில் மோரைக் குடிக்காமல் போன அதே வீறாப்போடு சொன்னார்.

ஒரு மாதம் எந்தத் தகவலும் இல்லை. எல்லாரும் மாட்டு ஏரிலும் வாடகை வண்டியிலும் சம்பாவை ஒப்பேற்றினார்கள். திட்டாதவர் இல்லை, இந்தத் தடவை கம்பெனியைத் திட்டினார்கள். ஐப்பசி மழைக்கு நடுவில் புதுத் தாள் வந்தது. மூன்றாவது வரி இல்லை. எங்கள் தப்பு என்று கம்பெனியும் எழுதவில்லை. வாடிக்கையாளர் நலன் கருதி எஞ்சின் மாற்றித் தருவதாக மட்டும் இருந்தது. அடியில் ஐந்து பெயர்கள்தான் இருந்தன. வெளி மெக்கானிக்கை வைத்துப் பிரித்த வண்டிக்குக் கம்பெனி பொறுப்பேற்காது என்று ஆறாவது பேரை விட்டுவிட்டார்கள்.

பஞ்சாட்சரம் மழையில் நனைந்துகொண்டு தாளோடு வந்தார். அவள் இல்லாமல் தாங்கள் போடுவதாக இல்லை என்றார். சொல்லும்போதே அவர் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது, அவள் சரி, போடாதீர்கள் என்று சொல்லிவிடுவாளோ என்று. பேங்க்காரன் அவர் வாசலில் நிற்பது நிஜம்தான். சுலோச்சனா தாளை வாங்கி ஒரு வரி விடாமல் இரண்டு தடவை படித்தாள்.

"இதுல பொய் ஒண்ணும் இல்லண்ணா. நீங்க போடுங்க. என் வண்டிய நான் பாத்துக்கறேன்."

இந்தத் தடவை அவர் மோரைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த சனிக்கிழமை வந்த வரதன், மின்வாரியக் கூட்டுறவுச் சங்கத்தில் லோன் போட்டிருப்பதாகச் சொன்னான். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, வண்டி ஓட வேண்டாமா என்றான். சின்னராசு உடைந்த பல்சக்கரத்தை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போய், லேத்துப் பட்டறை ஒன்றில் நல்ல எஃகில் அதே அளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தார். இறுகின எஞ்சினைச் சரிசெய்து பூட்டி முடிக்கும்வரை மாசி பதினோரு நாள் அவருக்குக் கூடமாட நின்றான். சம்பளம் பேசியது சுலோச்சனா இல்லை, அங்கம்மாள். முன்பு நாள்கூலியாக இருந்தது மாதச் சம்பளமாக ஆகவேண்டும், மழைநாளுக்கும் உண்டு, பையன் மறுபடி பள்ளிக்கூடம் போக முதல் மாதச் சம்பளம் முன்கூட்டியே வேண்டும் என்றாள். நின்றுகொண்டே பேசினாள். சுலோச்சனா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

தையில் நவரைப் பட்டத்துக்கு அந்த வண்டி சேற்றில் இறங்கியது. மூன்று பட்டம் ஓடியது. கம்பெனி போட்டுக் கொடுத்த புது எஞ்சின்களில் இரண்டு அதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டன; உள்ளே அதே மட்டமான பல்சக்கரம்தான். அவற்றில் ஒன்று கிருஷ்ணசாமியுடையது. அவர் காஞ்சிபுரத்துப் பல்சக்கரத்தின் விலாசம் கேட்டுத் தன் அக்கா மகனைச் சுலோச்சனாவிடம் அனுப்பினார். தான் நேரில் வரவில்லை.

மறு வருஷம் ஆவணியில் போஸ்ட்மேன் ஒரு கனத்த பார்சல் கொண்டுவந்தான். கம்பெனியின் முத்திரை இருந்தது. அதோடு ஒரு கடிதம். திருத்தி அமைக்கப்பட்ட ஆயில் பம்ப் ஒன்று இத்துடன் இலவசமாக அனுப்பப்படுகிறது. பெற்றுக்கொண்டு, தனக்கு இனி எந்தக் குறையும் இல்லை என்று இணைப்புச் சீட்டில் கையொப்பமிட்டு அனுப்பவும். சுலோச்சனா நின்றபடியே அதைப் படித்தாள். அன்றைக்கு லீவு என்பதால் வரதன் வீட்டில் இருந்தான். நல்ல சாமானாகத்தான் இருக்கும், வாங்கி வைத்தால் ஆத்திர அவசரத்துக்கு ஆகும் என்றான்.

ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, ஐந்து பேருடைய புது எஞ்சினிலும் பழைய சக்கரத்தையே போட்டவர்கள், இப்போது குறை இல்லை என்று எழுதிக் கேட்கிறார்கள் என்றாள் அவள். குறை இருக்கிறது.

"திருப்பி எடுத்துக்கினு போயிடு," என்றாள் போஸ்ட்மேனிடம்.

அப்படிச் சும்மா எடுத்துப் போக முடியாது, காரணம் எழுத வேண்டும் என்றான் அவன். எழுதேன் என்றாள். அவன் சைக்கிள் சீட்டின்மேல் பார்சலை வைத்துக்கொண்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்து, அட்டையின் மேல் கொட்டை எழுத்தில் 'வாங்க மறுத்துவிட்டார்' என்று எழுதினான்.